டூ ஸ்ட்ரோக்ல பிஸ்டன் மாத்துனா மட்டும் போதும்னு எழுதாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல பழைய டூ ஸ்ட்ரோக் பைக் இன்ஜின வீட்லயே பிரிச்சு சரி பண்றது பத்தி ஒரு பக்கம் முழுக்க போட்டிருந்தீங்க, படிச்சேன். இந்த மாதிரி விஷயத்துக்கு பேப்பர்ல இடம் குடுக்கறதே பெருசு, அதுக்கு மொதல்ல நன்றி. ஆனா கட்டுரை பூரா ஒரே பாட்டு. டூ ஸ்ட்ரோக்னா சுலபம், வால்வு கிடையாது, கேம் கிடையாது, டைமிங் செயின் கிடையாது, ஓடற சாமான்னு பாத்தா பிஸ்டன், கனெக்டிங் ராடு, கிராங்க் (பிஸ்டன் ஏறி எறங்கறத சுத்தா மாத்தற தண்டு) இவ்ளோதான், அதனால ஹெட்ட கழட்டு, சிலிண்டர தூக்கு, போர் பண்ணி, அதாவது சிலிண்டர் உள்சுவர கடைஞ்சு பெருசாக்கி, புது பிஸ்டன் ரிங்கு போட்டு மூடு, கிக்கர மிதி, வண்டி புதுசுன்னு. அதப் படிச்சுட்டு எத்தன பேர் இந்நேரம் ஸ்பேனரத் தூக்கிட்டு உக்காந்துட்டாங்களோ, அவங்க சிலிண்டராவது தப்பிக்கட்டும்னுதான் இத எழுதறேன். லெட்டர் நீளமா போகும், வெட்டித்தான் போடுவீங்கன்னு தெரியும், வெட்டுங்க, ஆனா ஆயில் சீல் பத்தி வர்ற பகுதிய மட்டும் வெட்டிராதீங்க.

சாமான் கம்மிங்கறது உண்மைதான், அதுக்காக வேலையும் கம்மின்னு ஆயிடாது, இருக்கற ஒவ்வொண்ணும் ரெண்டு மூணு வேலைய சேத்துப் பாக்குது. ஃபோர் ஸ்ட்ரோக்ல கிராங்க் கேஸ்ங்கறது ஆயில் கிடக்கற பெட்டி, அது லேசா கசிஞ்சா தரைல ரெண்டு சொட்டு கறை, துடைச்சுட்டு ஓட்டலாம். டூ ஸ்ட்ரோக்ல அந்தக் கேஸ்தான் பம்பு. பிஸ்டன் மேல ஏறும்போது கேஸுக்குள்ள அழுத்தம் கொறஞ்சு கார்பரேட்டர்லேர்ந்து பெட்ரோலும் காத்தும் ஆயிலும் கலந்து உள்ள வருது, பிஸ்டன் எறங்கும்போது அதே கலவைய அமுக்கி, சிலிண்டர் சுவத்துல இருக்கற டிரான்ஸ்ஃபர் போர்ட்ங்கற தொளை வழியா மேல தள்ளுது, கிராங்க் ஒரு சுத்து சுத்துறதுக்குள்ள இது முடிஞ்சு மேல வெடிக்கவும் செஞ்சாகணும். ஆரம்பத்துல இப்படி இல்ல. 1881-ல டூகல்ட் கிளார்க் பேட்டன்ட் வாங்குன டூ ஸ்ட்ரோக்ல கலவைய தள்றதுக்குன்னே பக்கத்துல தனியா ஒரு பம்பு சிலிண்டர் இருந்துச்சு. பத்து வருஷம் கழிச்சு 1891-ல ஜோசப் டே அதத் தூக்கிட்டு, பிஸ்டனோட அடிப்பக்கத்தையும் கேஸையுமே பம்பா ஆக்கிட்டாரு. நீங்க சுலபம்னு எழுதுன அத்தனையும் அந்த ஒரு மாத்தத்தால வந்ததுதான், பம்பு காணாமப் போகல, கேஸுக்குள்ள ஒளிஞ்சிருக்கு. அத ஒரு தடவ கூட தொடாம மேல மட்டும் புதுசு போட்டு மூடறது வாஷர் போன சைக்கிள் பம்புக்கு புது கைப்பிடி மாட்டற கதைதான்.

கிராங்கோட ரெண்டு நுனியும் கேஸ விட்டு வெளிய நீட்டிட்டு இருக்கு, ஒரு பக்கம் கரண்ட் உண்டாக்கற மேக்னட் வீல், இன்னொரு பக்கம் கிளட்ச். ரெண்டு பக்கமும் ஆளுக்கு ஒரு வட்ட ரப்பர் சீல். அந்த ரெண்டு சீலும்தான் இன்ஜினோட உயிர், உங்க கட்டுரைல அதுக்கு ஒரு வரி கூட இல்ல.

மேக்னட் பக்க சீல் போச்சுன்னா அந்தப் பக்கம் ஆயில் எதுவும் இல்ல, வெறும் வெளிக்காத்து, அதனால வெளிய ஒண்ணுமே தெரியாது, ஒழுகாது, புகையாது. கார்பரேட்டர்ல அளந்து வர்ற காத்துக்கு மேல கணக்குல வராத காத்து உள்ள போகும், கலவை லீன் ஆகும், அதாவது காத்து ஜாஸ்தியாகி பெட்ரோல் பங்கு கொறையும், சூடு ஏறும், பெட்ரோலோட வர்ற ஆயிலும் அதே அளவுக்கு பத்தாமப் போகும். வண்டி சூடானப்புறம் ஆக்சிலேட்டர விட்டாலும் ஐட்லிங் எறங்காம ஒய்ங்குன்னு நிக்கும், சில சமயம் தானா ஏறும், நாம ஐடில் ஸ்க்ரூவ திருப்பிட்டே இருப்போம், கார்பரேட்டர்ல பெட்ரோல அளந்து விடற ஜெட்ட மாத்துவோம், கேபிள குறை சொல்லுவோம், கடைசில ஒரு நாள் நல்ல வேகத்துல போகும்போது பிஸ்டன் கவ்வி பின் சக்கரம் பூட்டிக்கும். கிளட்ச் பக்க சீல் போனா கதை வேற, அங்க கியர் ஆயில் இருக்கு, பிஸ்டன் ஏறும்போது அந்த ஆயில உள்ள இழுத்து எரிக்கும், சைலன்சர்ல வெள்ளையா திக்கா புகை நிக்காம வரும், பிளக் ஈரமா கருப்பா இருக்கும், கியர் ஆயில் கீழ ஒழுகாமலே குறைஞ்சுட்டே வரும். இதப் பாத்துட்டு ரிங்கு தேஞ்சிருச்சு, போர் பண்ணணும்னு சொல்லிடறாங்க. போரு நல்லாவே இருக்கும், அநியாயமா கடஞ்சு ஒரு சைஸ் ஏத்திருவாங்க, மாட்டி ஓட்டுனா புகை அப்படியே நிக்கும்.

இதுல எனக்கு வயித்தெரிச்சல் என்னன்னா சிலிண்டர் ஒண்ணும் அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் இல்ல. ஓவர் சைஸ் பிஸ்டன் பொதுவா 0.25, 0.50, 0.75, 1.00 மில்லிமீட்டர்னுதான் படிப்படியா வரும், அதத் தாண்டுனா ஸ்லீவ், அதாவது உள்ள புது இரும்புக் குழாய், எறக்கணும். பழைய ஜாவா, பி.எஸ்.ஏ. பான்டம், ராஜ்தூத்னு எதுவானாலும் அந்த ஒரிஜினல் சிலிண்டர இனிமே கம்பெனி வார்க்கப் போறதில்ல. ஒவ்வொரு தடவ தப்பா போர் பண்றப்பயும் மிச்சம் இருக்கற ஆயுசுல ஒரு படி போச்சு. அதனாலதான் சொல்றேன், வீட்ல செய்யறவங்க மொதல்ல எடுக்க வேண்டியது ஸ்பேனர் இல்ல, காத்தடிக்கற பம்பு.

இன்ஜினப் பிரிக்கறதுக்கு முன்னாடியே செய்யற டெஸ்ட் இது, செலவே இல்லாத வேலை. கார்பரேட்டர கழட்டிட்டு அந்த வாயில ரப்பர் ஷீட் வெச்சு மேல ஒரு தகடு போட்டு முடுக்கிருங்க. சைலன்சர் பைப்ப கழட்டிட்டு எக்ஸாஸ்ட் வாயையும் அதே மாதிரி அடைங்க. டீகம்ப்ரஸர் (ஸ்டார்ட் பண்றப்ப சிலிண்டர் அழுத்தத்த வெளிய விடற வால்வு), ஆயில் பம்பு குழாய் எதாவது இருந்தா அதையும் அடைங்க. பிஸ்டன கீழ கொண்டு வந்து நிறுத்துங்க, அப்பதான் டிரான்ஸ்ஃபர் போர்ட் தொறந்து கேஸும் சிலிண்டரும் ஒரே அறையா ஆகும். பிளக் ஓட்டைல, இல்ல அடைச்ச தகடு ஒண்ணுல சைக்கிள் டியூப் வால்வ பொருத்திட்டு காத்து ஏத்துங்க, 6 பி.எஸ்.ஐ. போதும், ஆர்வக்கோளாறுல கம்ப்ரஸர மாட்டி இருவது முப்பதுன்னு ஏத்துனா நல்ல சீலே பிதுங்கி வெளிய வந்துரும். ரத்த அழுத்தம் பாக்கறதுக்கு கையில அமுக்கற ரப்பர் பல்பும் முள் மீட்டரும் இருக்கே, அதுவே இதுக்கு அளவா பொருந்தும், அந்த மீட்டர்ல கடைசியா இருக்கற 300-ங்கற அளவு கிட்டத்தட்ட 5.8 பி.எஸ்.ஐ. தான். முள்ளு நிமிஷத்துக்கு ஒரு பி.எஸ்.ஐ.-க்கு மேல எறங்குனா எங்கயோ கசியுது. சோப்புத் தண்ணிய பிரஷ்ல தொட்டு ஹெட் கேஸ்கட், சிலிண்டர் அடி கேஸ்கட், கேஸ் ரெண்டும் சேர்ற கோடு எல்லாத்துலயும் தடவுங்க, மேக்னட்டு கவரத் தொறந்து கிராங்க் நுனியிலயும் தடவுங்க. சோப்புக் குமிழி விடற எடம்தான் குத்தவாளி. கிளட்ச் பக்கம் நேரா பாக்க முடியாது, அதுக்கு கியர் ஆயில் ஊத்தற ஓட்டை மேல சோப்பு ஏடு படியற மாதிரி தடவி, கியர் பாக்ஸ் மூச்சு விடற பிரீதர் குழாய விரலால அடைச்சுக்கிட்டா போதும், ஏடு உப்பிட்டு வந்தா கேஸ்லேர்ந்து காத்து கியர் பாக்ஸுக்குள்ள போகுதுன்னு அர்த்தம். ரீட் வால்வு (கலவைய உள்பக்கம் மட்டும் விடற மெல்லிசு தகடு) உள்ள வண்டின்னா, யமஹா ஆர்எக்ஸ் 100 மாதிரி, எக்ஸாஸ்ட் பக்கமோ பிளக் பக்கமோ காத்து ஏத்துனாலும் ரீட தாண்டி இன்லெட் அடைப்பு வரைக்கும் கொஞ்சம் போகத்தான் செய்யும், அதனால ரெண்டு வாயையும் கண்டிப்பா அடைக்கணும். முடிஞ்சா இதையே உறிஞ்சியும் பாருங்க, அதாவது வேக்குவம், சில சீல் அழுத்துனா தாங்கும், உறிஞ்சுனா உதடு தூக்கிக்கும்.

கம்ப்ரஷன் கேஜ் மாட்டி நல்லாருக்குன்னு சொல்றாங்களே, அது பிஸ்டனுக்கு மேல இருக்கறத மட்டும்தான் சொல்லும். கீழ என்ன நடக்குதுன்னு அதுக்குத் தெரியாது.

பிரிச்சப்புறம் இன்னொரு அவசரம், பிஸ்டன் கைக்கு வந்தவுடனே மண்ணெண்ணெய்ல முக்கி பளபளன்னு தேய்க்கறது. அய்யா தேய்க்காதீங்க, என்ன நடந்துச்சுன்னு அந்த அழுக்குலதான் எழுதிருக்கு. எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் மேலேர்ந்து கீழ கீறி அலுமினியம் இழுத்துட்டு வந்திருந்தா சூடு ஓவர், பெரும்பாலும் லீன், இல்ல ஆயில் பத்தல. சுத்தி நாலு மூலைலயும் தனித்தனியா நாலு பட்டையா தேஞ்சிருந்தா பிஸ்டன் இடைவெளி ரொம்ப டைட்டு, இல்லன்னா சூடாகறதுக்கு முன்னாடியே முறுக்கியிருக்காங்க, பிஸ்டன் விரிஞ்ச வேகத்துக்கு சிலிண்டர் விரியல. கார்பரேட்டர் பக்கம் கீறல் அதிகம்னா ஆயில் சரியா வரல, இல்ல ஏர் ஃபில்டர் இல்லாம மண்ணு போயிருக்கு. தலைல ஓட்டை விழுந்திருந்தா டைமிங் அட்வான்ஸ் ஜாஸ்தி, அதாவது பிளக் பொறி சீக்கிரமே வந்திருக்கு, தப்பான பிளக், லீன், இதுல ஒண்ணோ எல்லாமோ. ரிங்குக்குக் கீழ பழுப்பா வார்னிஷ் மாதிரி படிஞ்சிருந்தா ரிங்க தாண்டி நெருப்பு கீழ எறங்கியிருக்கு. இதையெல்லாம் போட்டோ புடிச்சு வெச்சுட்டு அப்புறம் கழுவுங்க. காரணத்த கண்டுபுடிக்காம புது பிஸ்டன் போட்டா அதுவும் அதே எடத்துல அதே மாதிரி கவ்வும்.

வருஷக்கணக்கா நின்ன வண்டின்னா இன்னொரு ஆபத்து. ஃபோர் ஸ்ட்ரோக்ல அடில ஆயில் கிடக்கும், டூ ஸ்ட்ரோக் கிராங்க் கேஸ்ல அப்படி ஒண்ணும் தேங்கி நிக்கறதில்ல, கிராங்க தாங்கற மெயின் பேரிங், ராடு கிராங்கோட சேர்ற பிக் எண்டு எல்லாமே பெட்ரோலோட வர்ற அந்த கொஞ்சூண்டு ஆயில்லதான் பொழைக்குது. வண்டி நின்னா அது வழிஞ்சிரும், அப்புறம் ஈரக்காத்துதான் துணை. கையால சுத்துனா லேசா சுத்தும், நல்லாருக்குன்னு தோணும், ஆனா பேரிங் குண்டு ஓடற தடத்துல துரு கடிச்சு சின்னச் சின்ன குழியா இருக்கும், ஓட்டுனா கொஞ்ச நாள்லயே உறுமல் ஆரம்பிச்சுரும். பிக் எண்ட பாக்கணும்னா ராட மேல நிறுத்தி நேரா மேலயும் கீழயும் இழுத்துப் பாருங்க, டக்குனு ஒரு சின்ன ஆட்டம் தெரிஞ்சா போச்சு. பக்கவாட்டுல கொஞ்சம் நகரும், அது இருக்க வேண்டியதுதான், அதப் பாத்து பயப்படாதீங்க, இடைவெளி அளக்கற மெல்லிசு தகடான ஃபீலர் கேஜ் விட்டு மேனுவல்ல சொன்ன அளவுக்குள்ள இருக்கான்னு மட்டும் பாருங்க. பிக் எண்டு போச்சுன்னா அது வீட்டு வேலை இல்ல, கிராங்க் பிரஸ்ல பிரிச்சு புது பின் ஏத்தி திரும்ப டயல் கேஜ் வெச்சு நேராக்கணும், நூத்துல மூணு நாலு பங்கு மில்லிமீட்டர் கோணல் இருந்தாலே அதிரும், போட்ட புது சீலையும் சீக்கிரம் தின்னுரும். அத விஷயம் தெரிஞ்ச லேத்காரர்ட்ட குடுத்துடுங்க, வீட்ல சுத்தியல் வெச்சு தட்டி நேராக்கறேன்னு கிளம்பாதீங்க.

கேஸ ரெண்டா பிரிக்கறதுல ஒரு சின்ன விஷயம் சொல்றேன், இதுல மாட்டி ஸ்க்ரூவ டிரில் போட்டு எடுத்தவங்க ஏகப்பட்ட பேரு. ஜப்பான் வண்டி கேஸ்ல இருக்கற ஸ்க்ரூ பாக்க சாதா ஸ்டார் ஸ்க்ரூ மாதிரியே இருக்கும், ஆனா வெட்டு வேற, ஜே.ஐ.எஸ்.னு ஜப்பான் தரம், பல ஸ்க்ரூவோட தலைல ஒரு குட்டிப் புள்ளி கூட இருக்கும். நம்மகிட்ட இருக்கற பிலிப்ஸ் டிரைவர் அதுல அடி வரைக்கும் எறங்காது, ரெண்டு திருப்புல மேல வழுக்கி தலை மொட்டை. ஜே.ஐ.எஸ். பிட்டு போட்டு இம்பாக்ட் டிரைவர சுத்தியலால ஒரு அடி, கிளிக்னு விட்டுரும். ஸ்க்ரூ எல்லாத்தையும் எடுத்தப்புறமும் கேஸ் வரலைன்னா இன்னும் ஒரு ஸ்க்ரூ எங்கயோ ஒளிஞ்சிருக்குன்னு தேடுங்க, நடுவுல ஸ்க்ரூ டிரைவர விட்டு நெம்பாதீங்க, அந்த முகத்துல ஒரு கீறல் விழுந்தா அதுவே புதுசா ஒரு கசிவு. அதே மாதிரி மேக்னட் வீல புல்லர் போட்டுத்தான் எடுக்கணும், தட்டி எடுத்தா காந்தமும் வீக் ஆகும் கிராங்க் நுனியும் கோணும்.

பழைய சீல வெளிய எடுத்துட்டு அத ஒரு நிமிஷம் கைல வெச்சுப் பாருங்க. நகத்தால உதட்ட அமுக்குனா அமுங்காது, கெட்டியா வளையாம இருக்கும், வளைச்சா முடி மாதிரி வெடிப்பு தெரியும், உதட்டச் சுத்தி இருக்கற சுருள் கம்பி துருப்புடிச்சு பொடியா கொட்டும். இப்ப கிராங்குல சீல் உக்கார்ற எடத்தையும் துடைச்சுட்டு நகத்த குறுக்க இழுத்துப் பாருங்க, நகம் மாட்டற அளவுக்கு பள்ளமா ஒரு கோடு இருந்தா அதே எடத்துல புது சீல் போட்டும் பிரயோஜனம் இல்ல, எடம் இருந்தா சீல ஒரு மயிரிழை தள்ளி உக்கார வைக்கணும், இல்லன்னா மெல்லிசு ஸ்லீவ் ஏத்தணும். புது சீல் மாட்டும்போது சுருள் கம்பி தெரியற பக்கம் கிராங்க் கேஸ் உள்ள பாத்து இருக்கணும், உதட்டுல டூ ஸ்ட்ரோக் ஆயில் தடவணும், கிராங்குல சாவி வெட்டு, மரை இருக்கற எடத்துல மெல்லிசா டேப் சுத்திக்கணும், இல்லன்னா மாட்டும்போதே உதடு அறுந்துடும், அறுந்தது வெளிய தெரியவும் தெரியாது. சில இன்ஜின்ல மேக்னட் பக்க சீல வெளியிலேர்ந்தே மாத்தலாம், சிலதுல சீல் விளிம்புல ஒரு வரம்பு இருந்து கேஸோட பள்ளத்துல உக்காரும், அதுக்கு கேஸப் பிரிச்சே ஆகணும், எது எப்படின்னு பார்ட்ஸ் படத்த பாத்துட்டு வேலைய ஆரம்பிங்க. பேரிங் உக்கார வைக்க கேஸ மெதுவா பரவலா சூடு பண்ணுங்க, ஒரு சொட்டு தண்ணி விட்டா சுர்ருனு துள்ளற அளவு போதும், பேரிங்க ஃப்ரீசர்ல வெச்சு எடுங்க. அலுமினியம் இரும்ப விட ஏறக்குறைய ரெண்டு மடங்கு விரியும், பேரிங் தானா பொத்துனு எறங்கும், அடிக்கவே வேணாம்.

இப்பதான் சிலிண்டர் விஷயத்துக்கே வரணும். தேய்மானத்த அளக்க போர் கேஜ் இல்லாதவங்க ரிங்க வெச்சே கண்டுபுடிக்கலாம். ரிங்க தனியா சிலிண்டர்ல விட்டு பிஸ்டன் தலையால தள்ளி நேரா நிறுத்தி, அடில தேயாத எடத்துல ரிங் வாய் இடைவெளிய ஃபீலர்ல பாருங்க, அப்புறம் எக்ஸாஸ்ட் போர்ட்டுக்கு மேல பாருங்க, வித்தியாசத்த 3.14-ஆல வகுத்தா சிலிண்டர் விட்டம் எவ்ளோ பெருசாயிருக்குன்னு வந்துரும். கீழ 0.30, மேல 0.61னு வெச்சுக்கங்க, வித்தியாசம் 0.31, அப்ப விட்டம் கிட்டத்தட்ட 0.10 மில்லிமீட்டர் தேஞ்சிருக்கு. ரிங்கு எல்லாப் பக்கமும் சேத்துத்தான் விரியும், அதனால முட்டை வடிவமா தேஞ்சிருந்தா இதுல தெரியாது, முடிவா போர் பண்றதுக்கு முன்னாடி லேத்ல சரியா அளக்கச் சொல்லுங்க. முக்கியமா பிஸ்டன் கைல இல்லாம சிலிண்டர போருக்குக் குடுக்காதீங்க. பிஸ்டன் உருண்டையா இருக்கறதா நாம நெனைக்கறோம், அது லேசா முட்டை வடிவம், தலை சிறுத்து பாவாடை (ஸ்கர்ட்ங்கற அடிப்பகுதி) பெருத்து இருக்கும், பின் ஓட்டைக்கு நேர் குறுக்க, பாவாடை அடிலேர்ந்து கொஞ்சம் மேல, மேனுவல்ல சொன்ன எடத்துல அளந்ததுதான் அதோட சைஸ். அந்த அளவோட மேனுவல் சொல்ற இடைவெளிய கூட்டித்தான் போர் பண்ணணும். ஃபோர் ஸ்ட்ரோக் பண்ணிப் பழகுன கையி டைட்டா வெச்சுக் குடுத்துரும், அதுதான் நாலு மூலை கவ்வல். போர் முடிஞ்சதும் போர்ட் ஓரம் எல்லாம் கத்தி மாதிரி கூரா நிக்கும், அத சாம்ஃபர் பண்ணி உருட்டணும், இல்லன்னா ரிங்கு மாட்டி ஒடையும், இத கேட்டு வாங்கணும், நிறைய பேர் பண்ணிக் குடுக்கறதே இல்ல.

மாட்டறப்ப ஒரு விஷயம், உங்க கட்டுரைல வந்த மூணாவது படத்த நீங்களே ஒரு தடவ பாருங்க. பிஸ்டன் தலைல இருக்கற அம்புக்குறி கார்பரேட்டர் பக்கம் பாத்துட்டு இருக்கு! அம்பு எக்ஸாஸ்ட் பக்கம்தான் இருக்கணும். ரிங்கு பள்ளத்துல ஒரு சின்ன ஆணி இருக்கும், ரிங்கோட ரெண்டு நுனியும் அதுல உக்காந்தாதான் நுனி போர்ட்டுக்குள்ள போகாம இருக்கும், பிஸ்டன திருப்பிப் போட்டா அந்த நுனி போர்ட் வாசல்ல வந்து நிக்கும், மொத கிக்குலயே மாட்டி ஒடையும். அந்தப் படத்த பாத்து யாராவது மாட்டியிருந்தா என்ன ஆகும்னு யோசிங்க. பின் கிளிப் எப்பவும் புதுசுதான், பழசத் திரும்பப் போடாதீங்க, போடறதுக்கு முன்னாடி கேஸ் வாயில துணி அடைச்சுக்கங்க. அடி கேஸ்கட் டிரான்ஸ்ஃபர் வழில நீட்டிட்டு இருந்தா பிளேடால சரியா வெட்டி விடுங்க.

பிளக் பொறிய சரியான நேரத்துல விடற பாயிண்ட் டைமிங், கார்பரேட்டர் பத்தியெல்லாம் நீங்க எழுதுனது பரவால்ல, அதனால சுருக்கமா முடிச்சுக்கறேன். பாயிண்ட் இடைவெளி பல வண்டிக்கு 0.3-லேர்ந்து 0.4 மில்லிமீட்டர், டைமிங் கண்ணளவுல வேணாம், பிளக் ஓட்டைல டயல் கேஜ் விட்டு பிஸ்டன் உச்சிக்கு எத்தன மில்லிமீட்டர் முன்னாடின்னு மேனுவல்ல இருக்கறபடி வைங்க. எத்தனால் கலந்த பெட்ரோல்ல ஆக்ஸிஜன் இருக்கறதால பழைய ஜெட்டுக்கு கலவை இன்னும் கொஞ்சம் லீன் ஆகும், தண்ணியையும் இழுத்து வெச்சுக்கும், வண்டிய நிறுத்தி வெக்கறதா இருந்தா கார்பரேட்டர காலி பண்ணிட்டு நிறுத்துங்க.

ஆனா ஆயில் விஷயத்துல நீங்க எழுதுனது சுத்தமா ஒத்துக்க முடியாது. புது இன்ஜின்ல பயமா இருந்தா ஆயில கொஞ்சம் தாராளமா ஊத்துங்கன்னு போட்டிருக்கீங்க. 20-க்கு 1னா லிட்டருக்கு 50 மில்லிலிட்டர், 40-க்கு 1னா 25. ஒரே ஜெட் வழியா போற கலவைல ஆயில் பங்கு ஏறுனா பெட்ரோல் பங்கு கொறையும், ஆக ஆயில தாராளமா ஊத்துனா கலவை லேசா லீன் பக்கம்தான் நகரும், கூடவே கரி படிஞ்சு எக்ஸாஸ்ட் அடைக்கும், பிளக்கு அழுக்காகும். அந்தக் காலத்து மேனுவல் சொல்ற 20-க்கு 1 அந்தக் காலத்து மினரல் ஆயிலுக்கு எழுதுனது. இப்ப டப்பால ஜாஸோங்கற ஜப்பான் தரத்துல எஃப்.சி., எஃப்.டி.னு போட்டு வர்ற டூ ஸ்ட்ரோக் ஆயில வாங்கி ஒரு விகிதத்த முடிவு பண்ணி அதுலயே நில்லுங்க, அதுக்கு ஜெட்ட பாத்துக்கங்க. ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயில கலக்கவே கூடாது, அது எரியறதுக்குன்னு செஞ்சது இல்ல, சாம்பல் மிஞ்சும். ஆட்டோலூப் மாதிரி தனி ஆயில் பம்பு உள்ள வண்டின்னா, யமஹா அத 1964-ல கொண்டு வந்தாங்க, பிரிச்சு மாட்டுனப்புறம் குழாய்ல காத்து நிக்கும், காத்த எடுத்து கேபிள் குறி சரி பண்ற வரைக்கும் டேங்குலயும் ஆயில் கலந்தே ஓட்டுங்க.

கடைசியா ரன்னிங் இன், அதாவது புது பிஸ்டன பக்குவமா ஓட்டிப் பழக்கறது. மொதல்ல ஸ்டார்ட் பண்ணி மிதமா சூடானதும் ஆஃப் பண்ணி முழுசா ஆறவிட்டு ஹெட் நட்டோட முறுக்க (டார்க்) திரும்ப சரி பாருங்க, இத சில தடவ செஞ்சுட்டு அப்புறம் ரோட்டுக்குப் போங்க. டாப் கியர்ல திணற விடறதும் தப்பு, நீளமா ஃபுல் திராட்டில்ல போறதும் தப்பு, ஏத்தி எறக்கி ஓட்டணும். இறக்கத்துல வேகமா எறங்கும்போது ஆக்சிலேட்டர மூடிட்டு இன்ஜின் பிரேக்ல வராதீங்க, பெட்ரோல் நின்னா அதோட வர்ற ஆயிலும் நின்னுரும், இன்ஜின் மட்டும் வேகமா சுத்திட்டு இருக்கும். இடைல இடைல ஒரு துளி ஆக்சிலேட்டர் குடுத்து நனைச்சு விடணும். பிஸ்டன் கவ்வுனா உடனே புடிக்கறதுக்கு ரெண்டு விரல் எப்பவும் கிளட்ச் மேலயே இருக்கட்டும்.

ஆசிரியர் ஐயா, வர்ற ஞாயிறு ரெண்டாம் பகுதி, கார்பரேட்டர் டியூனிங்னு கீழ போட்டிருந்தீங்க. கசியற இன்ஜின்ல ஜெட்ட மாத்தி டியூன் பண்ண ஆரம்பிச்சா இன்னைக்கு சரியா இருக்கற மாதிரி இருக்கும், நாளைக்கு சூட்டுல மாறிரும், படிக்கறவங்க ஜெட்டா வாங்கிக் குவிப்பாங்க. அதனால அந்தப் பகுதிக்கு முன்னாடி காத்து டெஸ்ட்டு எப்படி பண்றதுன்னு படத்தோட ஒரு பெட்டிச் செய்தி போடுங்க, அந்த மூணாவது படத்துக்கு ஒரு திருத்தமும் சேத்து போட்டுருங்க, அம்பு எக்ஸாஸ்ட் பக்கம்னு கொட்டை எழுத்துல.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்